உச்சி வெயிலில் தரை ஆமை

ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குச் சூரியன் நேர் உச்சியில் வரும். பகல் 12.10 அளவில் மதிலின் நிழல் மதிலடியிலேயே ஒடுங்கிவிடும். வளவுக்குள் அகப்பட்ட ஒரு தரை ஆமைக்கு அந்த நேரம்தான் ஆபத்து.

ஆமை தன் உடற்சூட்டைத் தானே ஆக்குவதில்லை. அதற்கு வியர்ப்பதும் இல்லை. இலங்கையின் உலர் வலயத்தில் வாழும் நட்சத்திர ஆமை காலை வெயிலில் சூடேறி, புல்லும் உதிர்ந்த பழமும் மேய்ந்துவிட்டு, வெயில் ஏறமுன் பற்றைக்குள் புகுந்துவிடும். மாலையில்தான் மறுபடி வெளியே வரும். வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நடந்து நடந்தே அது சூட்டைச் சமாளிக்கிறது. அந்த நடையைத் தடுக்கும் கூடும் சீமெந்து முற்றமும் அதற்குக் கொலைக்களம். சூடு மிஞ்சினால் வாயில் நுரை தள்ளும். அந்த எச்சில் தலையையும் முன்னங்கால்களையும் நனைத்துச் சற்றே குளிர்விக்கும். அது கடைசி முயற்சி.

ஆகவே வேண்டியது மேலிருந்து கவிந்து நிற்கும் நிழல்: கிளுவை வேலியின் அடி, வடலிக்கூட்டம், கூட்டி எரிக்காமல் விட்ட சருகு. வேலியடியை மொட்டையாகச் செருக்கி வைப்பதை நான் அழகென்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இந்த ஆமையைப் பிடித்து வளர்ப்பது குற்றம். 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரவினங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் அதைக் காக்கிறது. 2019 இல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலிலும் அது ஏறியது. வளவில் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

அவர்கள் வரும்வரை நிழலில் வையுங்கள். தட்டையான தட்டில், அதன் நாடி மட்டத்துக்குக் கீழே நிற்கும் அளவு தண்ணீர் போதும். துவண்டிருந்தால் ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாதாரண நீரால் மெல்ல நனையுங்கள். அடிக்கடி தூக்கிப் பார்க்கவும் வேண்டாம். வறள்நில ஆமைகள் சிறுநீர்ப்பையில் தண்ணீரைச் சேமிப்பவை. பயந்தால் அதை வெளியேற்றிவிடும், கோடையில் அந்த இழப்பை ஈடுசெய்வது கடினம்.

கிணற்றில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நம் கிணறுகளில் வாழ்வது நன்னீர் ஆமை, விரலிடைச் சவ்வுள்ளது. தரை ஆமையின் தூண் போன்ற கால்கள் நீந்தப் படைக்கப்பட்டவை அல்ல. அது மூழ்கிச் சாகும். எந்த வேலியடியில் கண்டீர்கள் என்பதையும் அதிகாரிகளிடம் மறக்காமல் சொல்லுங்கள்: எங்கே திரும்ப விடுவது என்று தீர்மானிக்க அது உதவும்.