உஷார்! பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வையுங்கள்

கரவெட்டியிலும் நெல்லியடிச் சந்தியைச் சுற்றியும் கொம்பியூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது அவசரச் செய்தி. கடைக் கணக்கு, கலியாணப் படங்கள், ரியூசன் குறிப்புகள், காணி உறுதியின் ஸ்கான் பிரதி எல்லாவற்றையும் ஒரே இரவில் பூட்டிவிட்டு, திறப்பதற்குக் காசு கேட்கும் வைரஸ்கள் சுற்றுகின்றன. ரான்சம்வெயார் என்பது அதுதான். கோப்புகள் பெட்டிக்குள்ளேயே கிடக்கும், ஆனால் ஒன்றும் திறக்காது.

"எங்களிட்ட களவெடுக்க என்ன கிடக்கு?" என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு உங்கள் படங்கள் தேவையில்லை. உங்களுக்குத் தேவை என்பதே அவர்களுக்குப் போதும்.

நம் அரசாங்கமே இதில் அகப்பட்டது. 2023 ஓகஸ்ட் 26 வரை கவ் டொட் எல்கே என்று முடியும் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளுக்கு வந்துபோன கடிதங்கள், மே 17இலிருந்து கணக்கிட்டால், அடியோடு போய்விட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். பழைய கடிதங்கள் மீண்டன. இடைப்பட்ட அந்த மாதங்களுக்கு மட்டும் மீட்க ஒரு பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் அந்த ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. புதியதற்கு மாறும் வேலை 2021இல் தொடங்கியும் பணமில்லாமல் இழுபட்டது. அடி விழுந்த பிறகுதான் தொடுப்பில்லாத பிரதியை நாள்தோறும் எடுக்க முடிவானது.

இப்போது உங்கள் மேசையைப் பாருங்கள். பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்க் கொம்பியூட்டரிலேயே செருகிக் கிடக்கிறதா? அப்படியென்றால் அதுவும் சேர்ந்தே பூட்டுப்படும். மறுசாவியையும் அதே சாவிக்கோர்வையில் மாட்டி வைப்பது போன்ற வேலை அது. கிழமைக்கு ஒருமுறையாவது பிரதி எடுங்கள். எடுத்தவுடன் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது வின்டோஸ். வின்டோஸ் 10க்கான வழமையான இலவசத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. கிராக் பண்ணிப் போட்ட வின்டோஸ் என்றால் அப்டேட்டையே நிற்பாட்டி வைத்திருப்பார்கள், அது இன்னும் மோசம். 2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகளைக்கூட முடக்கிய வன்னாக்ரை நுழைந்த ஓட்டையை, மைக்ரோசொப்ட் இரண்டு மாதம் முன்னரே அடைத்திருந்தது. அப்டேட் போடாதவர்களே அகப்பட்டார்கள்.

பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவைத் தொடர்பாடல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், திரும்பி வந்ததும் ஸ்கான் பண்ணாமல் திறக்காதீர்கள். போல்டர்கள் எல்லாம் அம்புக்குறியோடு ஷோர்ட்கட்டாக மாறியிருந்தால் தொடவே வேண்டாம். பில் என்று வரும் இணைப்பை, அனுப்பியவருக்குப் போன் எடுத்துக் கேட்டபிறகே திறவுங்கள். கடைப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

ஏற்கெனவே பூட்டுப்பட்டுவிட்டதா? முதலில் இணைய வயரைப் பிடுங்குங்கள், வைபையை நிற்பாட்டுங்கள். அவசரப்பட்டு போர்மற் பண்ண வேண்டாம். காசு கட்டவும் வேண்டாம், கட்டினாலும் திறப்பார்கள் என்று உறுதியில்லை. திரையில் வந்த செய்தியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு அழையுங்கள். நெதர்லாந்துப் பொலிசும் யூரோபோலும் 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சிலவகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறப்புகள் உண்டு. இன்று இல்லாத திறப்பு பிறகு வரலாம், ஆகவே பூட்டுப்பட்ட கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள்.