சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதியின் வரம்புகள்: விருத்தாசலம் பீங்கான் பொருள்களை முன்வைத்து

முன்னுரை

நுகர்வோர் தம் வருவாயைப் பல பொருள்களுக்கிடையே எவ்வாறு பகிர்ந்து செலவிடுகின்றனர் என்னும் வினாவிற்குப் பொருளியல் அளித்த தொடக்ககால விடைகளுள் ஒன்று சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. ஜெர்மானிய அறிஞர் கோசன் 1854இல் இதன் கருவை வெளியிட்டார். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளிவந்த தம் நூலில் இதனை விரித்துரைத்தார். ஒவ்வொரு பொருளின் இறுதி அலகு தரும் பயன்பாட்டை அதன் விலையால் வகுத்துப் பெறும் ஈவு, எல்லாப் பொருள்களுக்கும் சமமாகும்போது நுகர்வோர் பெரும மனநிறைவு அடைகிறார் என்பது இவ்விதி. கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் அகல்விளக்கு, பொம்மை, மின்காப்பான் முதலான பீங்கான் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ஊராகும். இப்பொருள்களைச் சான்றாகக் கொண்டு அவ்விதியின் வரம்புகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பயன்பாடுகளின் சார்பு

ஒரு பொருளின் பயன்பாடு பிற பொருள்களைச் சாராது என்பது இவ்விதியின் எடுகோள். கார்த்திகைத் தீபத்திற்கு அகல் வாங்கும் குடும்பத்திற்கு எண்ணெயும் திரியும் இன்றியமையாதவை. எண்ணெய்க்குப் பணம் எஞ்சாவிடில், கூடுதலாக வாங்கிய அகல் அவ்விரவில் ஒளி தராது. எனவே அகலின் இறுதிநிலைப் பயன்பாட்டைத் தனித்துக் கணக்கிட இயலாது.

அலகும் மரபும்

நுகர்வு பெருகப் பெருக இறுதிநிலைப் பயன்பாடு குறையும் என்பது மற்றோர் எடுகோள். நவராத்திரிக் கொலுவிற்கான தசாவதாரத் தொகுதியில் ஒன்பது பொம்மைகளை வைத்திருப்பவருக்குப் பத்தாவது பொம்மை, ஒன்பதாவதைவிடக் கூடுதல் நிறைவு தரக்கூடும். தொகுதி முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ள வேண்டும் என இதற்கு விடை கூறலாம். அவ்வாறாயின், அலகு எது என்பதைத் தீர்மானிப்பது கோட்பாடன்று, மரபே ஆகும். தொகுதியைப் பகுக்க இயலாதபோது, சிறு சிறு அலகுகளாகச் செலவை மாற்றிச் சமநிலை எய்துவதும் அரிதாகிறது.

பணத்தின் பயன்பாடு

பணத்தின் இறுதிநிலைப் பயன்பாடு மாறாதது என மார்ஷல் கொண்டார். ஈரப் பீங்கான் வார்ப்புகள் உலர்ந்த பின்னரே சூளையேறும். வடகிழக்குப் பருவமழையில் உலர்தல் தாமதமாகும். செய்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறும் தொழிலாளியின் வருவாய் அப்போது குறையுமாயின், அவருக்கு ஒவ்வொரு ரூபாயின் மதிப்பும் உயரும். தீபாவளி, கார்த்திகைச் செலவுகள் வருவதும் அதே பருவத்தில்தான். ஆகவே கோடைக்காலச் செலவை அளந்த அளவுகோலால் மழைக்காலச் செலவை அளப்பது பிழையாகும்.

வழித்தேவை

மின்காப்பானை வாங்குவோர் மனநிறைவிற்காக வாங்குவதில்லை. மின் வழங்கலுக்கான தேவையிலிருந்தே அதன் தேவை பிறக்கிறது. ஆதலின், ஒரே தொழில்நகரின் உற்பத்தியில் ஒரு பகுதிக்கே நுகர்வோர் கோட்பாடு நேரடியாகப் பொருந்தும்.

பிற்கால மாற்றங்கள்

பயன்பாட்டை எண்ணால் அளக்க இயலாது என்னும் குறையை ஹிக்ஸ், ஆலன் ஆகியோர் 1934இல் சமநோக்கு வளைகோட்டு அணுகுமுறையால் நீக்க முற்பட்டனர். அகலும் எண்ணெயும் போன்ற இணைப்புப் பொருள்களையும் அது விளக்கவல்லது. எனினும், நுகர்வோரின் விருப்ப வரிசையை அது முன்னரே அமைந்ததாகக் கொள்கிறது. அவ்வரிசையை மரபு எவ்வாறு உருவாக்குகிறது என்பதை ஆராய்வதில்லை. முழுமையாகக் கணக்கிட்டுத் தெரிவு செய்யும் மனிதர் என்னும் கருத்தையே ஹெர்பர்ட் சைமன் 1955இல் வினாவிற்கு உட்படுத்தினார்.

முடிவுரை

இவ்வரம்புகளால் விதி பயனற்றதாகிவிடாது. வரம்புக்குட்பட்ட வருவாயில் ஒரு செலவு மற்றொன்றைக் கைவிடச் செய்கிறது என்னும் அதன் மைய உண்மை நிலைத்திருக்கிறது. ஆனால் விதிக்குப் பொருந்தாத செலவைக் கண்டவுடன், குறைந்த வருவாயுடைய குடும்பத்தைப் பகுத்தறிவற்றது எனத் தீர்ப்பளித்தல் தகாது. குடும்பச் செலவை ஆராய்வோர் தொகையோடு, செலவிட்ட பருவம், நிகழ்வு, உடன்வாங்கிய பொருள் ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வாறு செய்தால், பிழை நுகர்வோரிடம் உள்ளதா, எடுகோளில் உள்ளதா என்பது தெளிவாகும்.