நூறு சதவீதத்தில் தேயும் பேட்டரி

லேப்டாப் பேட்டரியை அடியோடு தீரவிட்டு, அப்புறம் நூறு வரை ஏற்ற வேண்டும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளைப் பாதி தீர்ந்ததுமே திரும்பத் திரும்ப சார்ஜ் செய்தால் அவற்றின் திறன் குறைந்துபோகும். 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; லேப்டாப்புகளும் அதற்கு மாறின. அறிவுரை மட்டும் மாறவில்லை. இன்றைய பேட்டரிக்கு அது கெடுதல்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலுள்ள உலோக ஆக்சைடிலிருந்து கிளம்பி, நடுவிலுள்ள கரைசலைக் கடந்து, எதிர்முனையான கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. லேப்டாப் ஓடும்போது அதே வழியில் திரும்புகின்றன. கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டு. முதல் சார்ஜிலேயே உருவாகும் அது இல்லாவிட்டால் பேட்டரி நிலைக்காது. ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீர் ஓடும் குழாயில் உப்புப் படிவதுபோல அது தடித்துக்கொண்டே போகிறது; தடிக்கத் தடிக்கக் கொஞ்சம் லித்தியத்தை நிரந்தரமாகச் சிறைப்பிடிக்கிறது. பேட்டரிக்கு வயதாவதன் முக்கியக் காரணம் இதுதான்.

இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துபவை இரண்டு: சூடு, முழு சார்ஜ். நிரம்பிய பேட்டரி செல்லின் மின்னழுத்தம் ஏறக்குறைய 4.2 வோல்ட். அந்த உச்சத்தில் கரைசல் நேர்முனையில் சிதையத் தொடங்குகிறது. பேட்டரி யுனிவர்சிட்டி என்ற தளத்தின் அட்டவணைப்படி, 25 டிகிரி செல்சியஸில் 40 சதவீத சார்ஜோடு ஓராண்டு சும்மா கிடந்த பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சுகிறது. முழு சார்ஜோடு கிடந்ததில் 80. வெப்பம் 40 டிகிரியானால் முழு சார்ஜுக்கு 65தான். யாரும் தொடாமலேயே இவ்வளவு இழப்பு!

அப்படியானால் எப்போதும் சார்ஜரில் செருகியே வேலை செய்யலாமா? அளவுக்கு மீறி மின்சாரம் ஏறிவிடும் என்ற பயம் வேண்டாம். நிரம்பியதும் சார்ஜாவதை நிறுத்தும் மின்சுற்று உள்ளேயே இருக்கிறது. கவலைப்பட வேண்டியது, நூறிலேயே மாதக்கணக்கில் நிற்பதைப் பற்றி. அதற்காகத்தான் திங்க்பேட் லேப்டாப்களில் சார்ஜ் எந்த அளவில் நிற்க வேண்டும் என்று குறித்துவைக்கும் வசதி உண்டு. ஏசஸ் லேப்டாப்களிலும் 80 சதவீத வரம்பு வைக்கலாம். மேஜையிலேயே வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஊருக்குக் கிளம்புகிற நாளில் மட்டும் நூறு வரை ஏற்றிக்கொண்டால் போதும்.

அடிக்கடி செருகி எடுத்தால் ‘சைக்கிள்’ வீணாகும் என்பதும் சரியல்ல. இன்று பாதி, நாளை பாதி செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சைக்கிள். அண்மைக்கால மேக்புக்குகளின் பேட்டரி தாங்குவதாக ஆப்பிள் சொல்லும் கணக்கு 1000 சைக்கிள்.

35 டிகிரிக்கு மேற்பட்ட சூழல் வெப்பம் பேட்டரியின் திறனை நிரந்தரமாகக் குறைக்கக்கூடும் என்றும் ஆப்பிள் எச்சரிக்கிறது. சென்னையின் மே மாதம் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். மெத்தைமேல் வைத்து, காற்றுத் துளைகளை அடைத்தபடி சார்ஜ் செய்வது அந்தச் சூட்டை இன்னும் கூட்டும்.

நெடுநாள் பயன்படுத்தாமல் எடுத்து வைக்கும் லேப்டாப்பில் பாதி அளவு சார்ஜ் இருக்கட்டும். காலியாகவே விட்டால் மின்னழுத்தம் மேலும் மேலும் இறங்கி, பிறகு சார்ஜரைச் செருகினாலும் பேட்டரி ஏற்காமல் போகலாம்.