ஆய்வேட்டு அச்சுக்கோப்பில் லேடெக்: தமிழாய்வாளர் நோக்கில் ஒரு விளக்கம்

1. முன்னுரை

பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனம் 1909இல் நிறுவப்பெற்றது. அங்கு ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. எனினும் அவற்றுள் சில தமிழையே ஆய்வுப் பொருளாகக் கொண்டவை. அந்நிறுவனத்தின் மின்பொறியியல் துறையில் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணன் வழிநடத்திய ஆய்வகத்தில், அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணிப்பொறி படித்தறிதல், தமிழ் உரையைப் பேச்சொலியாக மாற்றுதல் ஆகியவை குறித்த ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. இவ்வகை ஆய்வேட்டின் ஒரு பக்கத்தில் ஆங்கில உரைநடை, கணிதச் சமன்பாடு, தமிழெழுத்து, உரோமன் எழுத்துப்பெயர்ப்பு ஆகிய நான்கும் ஒருங்கே இடம்பெறக்கூடும்.

இந்நான்கையும் பிழையின்றி ஒரே பக்கத்தில் அமைக்கும் கருவியாகப் பெங்களூரின் அறிவியல் மாணவரிடையே நன்கு அறியப்பட்டது லேடெக் என்னும் அச்சுக்கோப்பு முறையாகும். இந்திய அறிவியல் நிறுவன ஆய்வேட்டின் அமைப்புக்கேற்ப மாணவர்களே இயற்றிப் பகிர்ந்துகொண்ட லேடெக் வார்ப்புருக்களும் உள்ளன. மொழியியல், மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் தமிழை ஆராய்வோரிடம் இக்கருவி அவ்வளவாகப் பரவவில்லை. இம்முறை அவர்களுக்குத் தருவன யாவை, தமிழைப் பொறுத்தவரை அவர்களே கவனித்துச் செய்ய வேண்டுவன யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

2. தோற்றம்

அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் டொனால்டு நூத், தம் நூலொன்றின் இரண்டாம் தொகுதியை மறுபதிப்புச் செய்ய முனைந்தபோது, 1977இல் அச்சகம் அனுப்பிய மெய்ப்புகளைக் கண்டார். ஈய எழுத்துகளால் கோக்கப்பட்ட முதற்பதிப்பின் அழகு, ஒளி அச்சுக்கோப்பில் உருவான புதிய பக்கங்களில் இல்லை. இக்குறையை நீக்க அவரே உருவாக்கிய நிரல் டெக் எனப்பட்டது. கலை, தொழில்திறன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் அமைந்தது. 1980களின் முற்பகுதியில் லெஸ்லி லாம்போர்ட் டெக்கின் மேல் கட்டளைத் தொகுதி ஒன்றை எழுதினார். அதுவே லேடெக். இன்றளவும் வழக்கிலுள்ள அதன் பதிப்பு 1994இல் வெளிவந்தது.

டெக்கில் தொடக்கம் முதலே எழுத்தின் கீழ்ப் புள்ளி இடவும், எழுத்தின் கீழ்க் கோடு இடவும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் ட, ண, ள ஆகியவை கீழ்ப்புள்ளியாலும் ழ, ற, ன ஆகியவை கீழ்க்கோட்டாலும் குறிக்கப்படுகின்றன. எனவே, தமிழெழுத்தை அச்சிட வழி பிறப்பதற்கு முன்னரே, தமிழை உரோமன் எழுத்தில் பிழையற எழுதும் வசதி டெக்கில் அமைந்திருந்தது.

3. அடிப்படைக் கோட்பாடு

சொற்செயலியில் எழுதுபவர் ஒரு தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, அளவைக் கூட்டி, நடுவில் வைக்கிறார். லேடெக்கில் எழுதுபவர் 'இது இயலின் தலைப்பு' என்று மட்டும் குறிக்கிறார். அத்தலைப்பு எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை ஆவண வகை எனப்படும் தனிக்கோப்பு முடிவு செய்கிறது. அடிக்குறிப்பு, மேற்கோள், அட்டவணை, எடுத்துக்காட்டு ஆகிய அனைத்தும் இவ்வாறே.

ஒரு வடிவத்தைக் கண்டவுடன் அதன் ஒலியை மட்டும் பதிவு செய்யாது, அது தொடரில் ஆற்றும் பணியையும் குறிப்பது மொழியியலார் வழக்கம். லேடெக்கும் எழுதுபவரிடம் இதையே கேட்கிறது. பணி குறிக்கப்பட்டபின் வடிவத்தை எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றலாம். ஓரத்தின் அகலத்தையோ வரியிடைவெளியையோ திருத்துமாறு பல்கலைக்கழகம் பணித்தால், முந்நூறு பக்கங்களையும் புரட்ட வேண்டியதில்லை; ஓரிடத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

4. எடுத்துக்காட்டும் எண்ணும்

மொழியியல் ஆய்வேட்டின் உயிர்நிலை அதன் எண்ணிட்ட எடுத்துக்காட்டுகளாகும். நான்காம் வேற்றுமை பற்றிய ஆய்வேட்டில் இருநூறு எடுத்துக்காட்டுகள் உள்ளனவெனக் கொள்வோம். நெறியாளர் முப்பத்தேழாவதன்பின் புதிய தொடர் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார். அதன்பின் வரும் எல்லா எண்களும் ஒன்று கூடுகின்றன. எண்களைக் கையால் இட்டவர், உரைப்பகுதியில் உள்ள ஒவ்வொரு சுட்டையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று தவறினும், வாதம் தனக்குச் சான்றாகாத தொடரைச் சான்றாகக் காட்டி நிற்கும். தேர்வாளர் அதனை எழுத்துப்பிழையாகக் கொள்வதில்லை. ஆய்வுப் பிழையாகவே கொள்வார்.

லேடெக்கில் எடுத்துக்காட்டுக்கு எண் இடப்படுவதில்லை, பெயர் இடப்படுகிறது. உரையில் அப்பெயரே சுட்டப்படுகிறது. நிரல் முதல் ஓட்டத்தில் பெயர்களையும் எண்களையும் ஒரு துணைக்கோப்பில் எழுதிவைத்து, இரண்டாம் ஓட்டத்தில் அவற்றை உரிய இடங்களில் நிரப்புகிறது. இல்லாத பெயரைச் சுட்டினால் அவ்விடத்தில் இரட்டை வினாக்குறி அச்சாகும். பிழை மறைந்து நில்லாமல் வெளிப்பட்டு நிற்பது இதன் பயன். சொற்செயலிகளிலும் இவ்வசதி உண்டு. ஆயினும் அங்கு அது விரும்பினால் மேற்கொள்வது. லேடெக்கில் அதுவே இயல்பான வழி.

உருபன் பகுப்பு விளக்கத்திற்கும் தனித் தொகுப்புகள் உள்ளன. 'அவன் வீட்டுக்குப் போனான்' என்னும் தொடரில் 'போ-ன்-ஆன்' என்பதன் நேர்கீழே வினையடி, இறந்தகாலம், படர்க்கை ஆண்பால் ஒருமை என்னும் குறிப்புகள் அமைய வேண்டும். சொல்லுக்குச் சொல் நேராக நிற்பதை நிரலே பார்த்துக்கொள்கிறது. வரி நீண்டால் மூலத்தையும் குறிப்பையும் இணையாகவே மடக்குகிறது. இலைப்சிக் விதிகள் வேண்டுவதுபோல் மூலத்திலும் குறிப்பிலும் இணைப்புக்கோடுகள் எண்ணிக்கையில் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது ஆய்வாளரின் பொறுப்பு.

மொழிபெயர்ப்பாய்வாளருக்குப் பயன்படுவது, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரியெண்ணுடன் அமைக்கும் தொகுப்பாகும். இதன் முன்னோடியான எட்மாக்கை ஜான் லவக்னினோவுடன் சேர்ந்து உருவாக்கிய டொமினிக் வுஜஸ்டிக் ஒரு வடமொழி அறிஞர். சுவடிப் பதிப்பின் தேவையே அக்கருவியைத் தோற்றுவித்தது. பாடவேறுபாடுகளைப் பல அடுக்கு அடிக்குறிப்புகளாகத் தரும் வசதி, தமிழ்ச் சுவடிப் பதிப்பாளருக்கும் வேண்டுவதே.

5. தமிழ் எழுத்தின் நுழைவு

தொடக்கக் காலத்தில் டெக்கில் தமிழ் அச்சிட, உரோமன் எழுத்தில் தட்டச்சு செய்து, முன்செயலி ஒன்றின் வழியாகத் தமிழ் எழுத்துருவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே உருவாக்கிய தமிழ் எழுத்துரு இக்காலத்தது. 2004இல் ஜொனாத்தன் கியூ வெளியிட்ட ஸீடெக் இந்நிலையை மாற்றியது. ஒருங்குறித் தமிழை நேரடியாகத் தட்டச்சு செய்யவும், கணிப்பொறியில் நிறுவப்பெற்ற எழுத்துருவை அப்படியே பயன்படுத்தவும் அது வழிவகுத்தது. எனினும் எழுத்து அச்சாவதால் மட்டும் தமிழின் தேவைகள் நிறைவடைவதில்லை. பின்வரும் மூன்றும் ஆய்வாளரின் தனிக்கவனத்திற்கு உரியவை.

5.1 வரி முறிவு. டெக் ஒவ்வொரு வரியையும் தனித்தனியே நோக்காது, பத்தி முழுவதையும் நோக்கி வரிகளை முறிக்கிறது. தமிழ்ச் சொற்கள் ஒட்டுகள் சேர்ந்து நீள்வதால், சொல்லிடை முறிவுக்கு வழியில்லையெனில் சொற்களுக்கிடையே பெரும் வெற்றிடம் தோன்றும். அல்லது சொல் ஓரத்தைத் தாண்டும். சந்தோஷ் தோட்டிங்கல் தொகுத்த தமிழ் முறிவு நெறிகள் டெக் வழங்கலில் இடம்பெற்றுள்ளன. ஆனால், இப்பகுதி தமிழ் என்று கோப்பில் அறிவித்தால்தான் அவை இயங்கும். ஆங்கில ஆய்வேட்டினுள் வரும் தமிழ் மேற்கோளுக்கு இவ்வறிவிப்பு விடுபடுவது எளிதில் நேரக்கூடிய பிழை. புள்ளியெழுத்து வரியின் முதலில் வரலாகாது என்னும் தமிழச்சு மரபை மெய்ப்பு நோக்கில் தனியே சரிபார்ப்பதும் நன்று.

5.2 அகரவரிசை. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கு அளிக்கப்பட்ட எண்களின் வரிசையும் தமிழ் நெடுங்கணக்கும் ஒன்றல்ல. அங்கு ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற நிற்கின்றன. ள, ழ ஆகியவை வ-வுக்கு முன் வருகின்றன. புள்ளியின் எண் உயிர்க்குறிகள் அனைத்திற்கும் பிற்பட்டது. எண் வரிசையை மட்டும் நோக்கும் நிரல் 'கன்று' என்பதைக் 'கப்பல்' என்பதற்கு முன்னும், 'அழகு' என்பதை 'அவல்' என்பதற்கு முன்னும், 'படம்' என்பதைப் 'பட்டு' என்பதற்கு முன்னும் வைக்கும். தமிழ் அகராதி மரபில் இம்மூன்றும் தலைகீழாக அமைய வேண்டியவை. சொல்லடைவில் இப்பிழை நேர்ந்தால், நூலில் உள்ள சொல்லையே வாசகர் இல்லையென முடிவு செய்ய நேரும். துணைநூற்பட்டியலுக்கு, ஒருங்குறியின் வரிசையாக்க நெறியைப் பின்பற்றும் பைபர் என்னும் நிரலைப் பயன்படுத்தி, வரிசை மொழி தமிழ் எனக் குறித்தல் வேண்டும். சொல்லடைவுக்கும் அவ்வகை நிரலையே தேர்ந்துகொள்ள வேண்டும்.

5.3 தேடுதல். 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளுக்குப்பின் ஆய்வேடுகளை மின்வடிவில் அளிப்பது நாடெங்கும் நடைமுறையாயிற்று. சோத்கங்கா போன்ற களஞ்சியங்களில் அவை சேர்கின்றன. அங்கு ஆய்வேட்டின் பயன், அதிலுள்ள சொல்லைத் தேடிக் கண்டடைய முடிவதைப் பொறுத்தது. 'கொ' என்பதன் இடக்கொம்பும் காலும் அச்சில் ககரத்தின் இருபுறமும் நிற்பதால், பிடிஎஃப் கோப்பில் கண்ணுக்குத் தோன்றும் வரிசையே பதிவாகி, உண்மையான எழுத்து வரிசை மறையக்கூடும். அப்பக்கத்தைக் கண் படிக்கும், தேடுபொறி படியாது. ஸீடெக்கில் உண்மை உரையையும் கோப்பில் உடன்பதிக்கும் அமைப்பு உண்டு. அது தானாக இயங்குவதில்லை; எழுதுபவரே இயக்க வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் கோப்பிலிருந்து ஒரு தமிழ்ப் பத்தியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்ப்பது எளிய சோதனை.

6. இடர்ப்பாடுகள்

லேடெக்கைக் கற்க முதலில் சில வாரங்கள் செல்லும். ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் நிரல் நின்றுவிடும். நெறியாளர் சொற்செயலிக் கோப்பிலேயே திருத்தங்களைக் குறிப்பவராயின், இருவருக்கும் பொதுவான முறை ஒன்றை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். இதழ்களும் பதிப்பகங்களும் சொற்செயலிக் கோப்பையே கேட்பதுண்டு. எனவே நூறு பக்கக் கட்டுரைத் தொகுப்புக்கு இம்முறை தேவையா என்பது எண்ணத்தக்கது. எண்ணிட்ட எடுத்துக்காட்டுகள், சொல்லடைவு, இருமொழிப் பாடம் ஆகியவற்றுள் ஒன்றேனும் மிகுந்துள்ள ஆய்வேட்டுக்கு இவ்வுழைப்பு வீண்போகாது. பெர்லினில் இயங்கும் மொழி அறிவியல் பதிப்பகம் தன் மொழியியல் நூல்களை லேடெக்கிலேயே உருவாக்கி வருவது, இத்துறைக்கு இக்கருவி பொருந்தும் என்பதற்குச் சான்று.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், லேடெக்கின் சிறப்பு பக்க அழகோடு முடிவதன்று என்பது புலனாகும். ஒவ்வொரு பகுதியும் ஆற்றும் பணியை ஆய்வாளர் வெளிப்படக் கூறுமாறு அது வேண்டுகிறது. அதனால் சுட்டும் சான்றும் பிறழாமல் நிற்கின்றன. தமிழின் வரி முறிவு, அகரவரிசை, தேடற்குரிய உரை ஆகிய மூன்றையும் கருவி தானாகச் செய்துவிடும் என்று கருதுதல் கூடாது. அவற்றுக்கான வழிகள் இன்று உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெறுவது ஆய்வாளரின் கடமை. பெங்களூரின் பொறியியல் மாணவர் தமிழெழுத்தைப் பொறிக்குக் கற்பிக்கும் ஆய்வேட்டில் இவற்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறதென்றால், தமிழ் மொழியையே பொருளாகக் கொண்ட ஆய்வேட்டில் அக்கவனம் இன்னும் மிகுதியாக வேண்டப்படும் என்பதில் ஐயமில்லை.