கை நின்றது, நாக்கு குழறுகிறது: ‘மீளக்கூடியது’ என்றால் என்ன?

“வெள்ளிக்கிழமைக்குள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ‘பேச்சுக் குழறல் வரலாம், மீளக்கூடியது’ என்று அதில் இருக்கிறது. போடலாமா?” என்று ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு இரண்டு கைகளிலும் நடுக்கம். மூளைக்குள் கம்பி இறக்கி, மின்சாரத்தால் நடுக்கத்தை அடக்கும் டீபிஎஸ் சிகிச்சை பற்றி வந்த மற்ற கடிதங்களும் ஏறக்குறைய இதையே சுற்றுகின்றன. சிலர் நேர்மாறாக, “இதைச் செய்தால் குரலும் சரியாகிவிடுமாமே” என்கிறார்கள்.

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவை வேறு வேறு சங்கதிகள். குரல் நடுங்குவது நோயின் வேலை. அது சிலருக்குக் குறைகிறது. நாக்கு குழறுவது மின்சாரத்தின் வேலை. ஒரே ஆளுக்குக் குரல் நடுக்கம் தணிந்து, குழறல் புதிதாக வரவும் கூடும்.

என்னை உறுத்துவது அந்த ‘மீளக்கூடியது’தான். மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் என்ற பகுதிக்குள் இறக்கும் கம்பி ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமன். அதற்கு வெளிப்புறமாகச் சில மில்லிமீட்டர் தள்ளி, முகத்துக்கும் நாக்குக்கும் தொண்டைக்கும் ஆணை கொண்டுபோகும் நரம்புக் கற்றை ஓடுகிறது. மின்சாரம் அங்கே கசிந்தால் நாக்கு விறைக்கும், சொல் இழுபடும், குரல் நெரிபடும். கம்பியை உள்பக்கம் நகர்த்தினால் தப்பிக்கலாம் என்று தோன்றும். ஆனால் சிறுமூளையிலிருந்து வரும் நார்களும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. நடுக்கம் அடங்குவதே அந்த நார்களைத் தூண்டுவதால்தான் என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். அவற்றை அளவுக்கு மீறித் தூண்டினால் அசைகளின் தாளம் குலைந்து, குடித்தவர் பேசுவதுபோல் ஆகிவிடும். நன்மையும் தீமையும் ஒரே கற்றையில் இருக்கும்போது, அளவைக் குறைத்தால் பேச்சு திரும்பும், நடுக்கமும் திரும்பும். படிவம் முதல் பாதியைத்தான் சொல்கிறது.

இரண்டு பக்கமும் கம்பி வைத்தால் ஆபத்து கூடுகிறது. வலக்கையைப் பெரும்பாலும் பெருமூளையின் இடது பாதி பார்த்துக்கொள்ளும். நாக்கையும் குரல்வளையையும் இரண்டு பாதிகளும் சேர்ந்தே ஆள்கின்றன. ஒரு பக்கம் தடுமாறினால் மறுபக்கம் ஈடுகட்டும். இரண்டும் தடுமாறினால் ஈடுகட்ட ஆள் இல்லை. பிரான்சின் கிரனோபிளில் 1987-ல் மூளை அறுவை மருத்துவர் பெனாபிட்டின் குழு தொடங்கிய இந்த முறைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-ல் அனுமதி தந்தபோது, ஒரு பக்கத்துக்கு மட்டுமே தந்தது. இந்த மகள் தன் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியதும் இதைத்தான்: இரண்டு பக்கமும் இப்போதே அவசியமா, அதிகம் பயன்படும் கைக்கு மட்டும் முதலில் செய்து பார்க்கலாமா?

அடுத்தது, கருவியில் மின்சார அளவை வைக்கும் நாள். சுருள் வரையச் சொல்வார்கள், டம்ளர் தண்ணீரைத் தூக்கச் சொல்வார்கள். கை நின்றதும் அறையில் எல்லோருக்கும் நிம்மதி. வாயைச் சோதிக்க யாருக்கும் தோன்றாமல் போகலாம். ‘ப-ட-க, ப-ட-க’ என்று வேகமாகச் சொல்லவைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நீங்களே கேட்டுச் செய்யவையுங்கள்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ஆண்டுகள் போனால்? நடுக்கம் மெல்லத் திரும்பலாம். அளவைக் கூட்டக் கூட்டக் குழறலும் கூடலாம்.

புதுவகைக் கம்பிகள்? மின்சாரத்தை ஒரு பக்கமாகத் திருப்பலாம். உதவும், முழுத் தீர்வு அல்ல.

கடையில் பேசும்போது ஓர் அளவு, கை நடுங்காமல் சாப்பிட வேறு அளவு என்று வைக்க முடியுமா? பல கருவிகளில் முடியும். ரிமோட்டில் இரண்டு அமைப்புகள் கேளுங்கள்.

இரவில் அணைக்கலாமா? மருத்துவர் சம்மதித்தால் அணைக்கலாம், பலர் அணைக்கிறார்கள்.

அல்ட்ராசவுண்ட் அலைகளைக் குவித்து மூளையில் நடுக்கத்துக்குக் காரணமான இடத்தைச் சுடும் முறை? கம்பி கிடையாது, ஆனால் சுட்ட இடத்தைத் திரும்பப் பெற முடியாது.

அப்பாவின் பேச்சை எப்படி ஒப்பிடுவது? கையெழுத்துப் போடும் முன் அவரை ஐந்து நிமிடம் பேசவிட்டுப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அளவு வைக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கொண்டுபோங்கள்.