நாளைய ஆசிரியையும் இன்றைய கணனியும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, நேர்முகப் பரீட்சையும் முடிந்து, மகளுக்குக் கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொல்ல வரும் தாய்மார்கள் அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான். "மௌலவி, மகளுக்கு லெப்டொப் ஒன்று எடுத்துக் கொடுக்கணுமா? மற்றப் பிள்ளைகள் எல்லாம் வைத்திருக்கிறாங்களாம்." காதில் கழுத்தில் கிடப்பதை அடகு வைத்தாவது வாங்கிவிட வேண்டும் என்ற தவிப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கும். ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அந்தப் பெட்டிக்குள் போய்விடும். ஆகவே இதற்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கூற எனக்கு மனம் வருவதில்லை.

அட்டாளைச்சேனையிலும் தர்கா நகரிலும் நாட்டின் ஏனைய இடங்களிலும் இயங்கும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தவை. முதல் இரண்டு வருடங்கள் விடுதியில் தங்கிப் படிப்பு; மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் பயிற்சி. அங்கே கணனியும் கற்பிக்கப்படுகிறது. எழுத்துக்களைத் தட்டச்சுச் செய்யவும், படக்காட்சி தயாரிக்கவும், புள்ளிப் பட்டியலைக் கூட்டிக் கழிக்கவும் பிள்ளைகள் விரைவாகவே பழகிவிடுகிறார்கள். எனது கவலை அதற்கடுத்த படியைப் பற்றியது. கணனியை இயக்கத் தெரிந்த பிள்ளைக்கு, அதை வகுப்பில் எப்போது திறப்பது, எப்போது மூடி வைப்பது என்று தெரியுமா? இது தட்டச்சைப் போல ஒரு மாதத்தில் வருவதல்ல.

புதிய கருவி ஒன்று வந்தவுடன் இனி ஆசிரியரே தேவையில்லை என்று பேசுவது உலகத்தில் பழைய வழக்கம். சினிமாப் படக் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான தோமஸ் எடிசன், 1913 இல், பாடசாலைகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்துவிடும் என்றும் எல்லாவற்றையும் படத்தாலேயே கற்பித்துவிடலாம் என்றும் கூறினார். பிறகு வானொலி வந்தபோதும் தொலைக்காட்சி வந்தபோதும் அதே பேச்சு. தென்னமெரிக்காவில் பெரு என்ற நாடு 2008 முதல் தனது பிள்ளைகளுக்கு எட்டு இலட்சத்துக்கும் அதிகமான சிறிய மடிக்கணனிகளைப் பகிர்ந்தது. கிராமப்புறப் பாடசாலைகளில் அதன் பயனை ஆராய்ந்து 2012 இல் அறிக்கை வெளியிட்டவர்கள், பிள்ளைகள் கணனியைக் கூடுதலாகப் பாவித்தார்கள், ஆனால் கணிதத்திலும் மொழியிலும் முன்னேறியதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். பெட்டி வந்து சேர்ந்தது. அதை வைத்துப் பாடத்தை எப்படி மாற்றுவது என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை போதியளவு நடக்கவில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. புதுடில்லியில் பாடசாலை விட்ட பின் நடந்த நிலையங்களில் கணனி மூலம் கணிதமும் ஹிந்தியும் பயின்ற பிள்ளைகள் நான்கரை மாதத்திலேயே நல்ல முன்னேற்றம் கண்டதாக 2019 இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. காரணம் என்ன? ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தார்கள். அங்கிருந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்திலிருந்து கேள்வி கொடுத்தது. பாதி நேரம் கணனி. மீதி நேரம் சிறு குழுவாக ஒரு மனிதரிடம் பாடம். அதாவது பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்பதுதான் முதலில் கேட்கப்பட்டது.

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986 இல் ஒரு விடயத்தைத் தெளிவாக எடுத்துரைத்தார். பாடத்தை அறிந்திருப்பது வேறு, கற்பிக்கும் முறைகளை அறிந்திருப்பது வேறு. இவை இரண்டும் கலந்து, இந்தப் பாடத்தில் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும், அங்கே எந்த உதாரணம் கைகொடுக்கும் என்று அறிவதே ஆசிரியருக்கே உரிய அறிவு என்றார். இருபது வருடங்களின் பின், 2006 இல், புன்யா மிஷ்ராவும் மெத்தியூ கேலரும் இந்தக் கலவையில் தொழில்நுட்பத்தையும் மூன்றாவதாகச் சேர்த்தார்கள். மூன்றும் தனித்தனியே இருந்து பயனில்லை, ஒன்றோடொன்று பிணைய வேண்டும் என்பதே அவர்களது வாதம். கேட்கப் பெரிய தத்துவம் போலத் தோன்றும். வகுப்பறையில் பார்த்தால் மிகச் சாதாரணமான விடயம்.

எமது பாடசாலைக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளை பின்னம் கற்பித்ததைப் பின்வாங்கில் அமர்ந்து பார்த்தேன். புரொஜெக்டரைப் பூட்டி, அழகிய வர்ணங்களில் பீட்சாப் படங்கள் காட்டினார். எமது ஊர்ப் பிள்ளைகளில் பீட்சாவை வெட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது ஒருபுறமிருக்கட்டும். "மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா?" என்று கேட்டார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் நான்கில் ஒன்று என்று கை உயர்த்தினார்கள். மூன்றை விட நான்கு பெரிதல்லவா! பின்னம் படிக்கும் பிள்ளைகள் எங்கும் தடுக்கி விழும் இடம் இது. ஆனால் அந்தக் கணத்தில் ஆசிரியையின் விரல் அடுத்த படத்துக்குப் போய்விட்டது. படம் சரியான விடையைக் காட்டியது. பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக் கொண்டார்கள்.

மறுநாள் அதே பிள்ளை கருவி ஒன்றுமில்லாமல் வந்தார். "ஒரு ரொட்டிய மூணு பேர் பங்கு போட்டா உங்களுக்குக் கூடக் கிடைக்குமா, நாலு பேர் பங்கு போட்டா கூடக் கிடைக்குமா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. வீட்டில் தம்பி தங்கையோடு பங்கு போட்டுச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? பிறகு ஆளுக்கொரு காகிதத்தை மடிக்க வைத்தார். மடித்து மடித்து எட்டு வரை போனார்கள். பதினேழாக மடிக்க முடியுமா என்று ஒரு சிறுவன் கேட்டான். அப்போதுதான் கணனி திறந்தது. ஒரே நீளமான பட்டையைப் பதினேழாகவும் இருபதாகவும் பிரித்து, ஒரு பங்கு சிறுத்துக் கொண்டே போவதைத் திரையில் காட்டினார். கையால் செய்ய முடியாததைக் கணனி செய்தது. அன்றைய பாடத்தில் அது ஓடியது நான்கு நிமிடம் மட்டுமே.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பல விடயங்கள் தாமாகவே பிரிந்துவிடும். இதயத்தின் வால்வுகள் திறந்து மூடுவதைக் கரும்பலகையில் எவ்வளவு வரைந்தாலும் அது அசையாது; திரையில் அசையும். தமிழ்மொழிப் பாடசாலைகளில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிக்கும்போது, அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவரின் குரலை ஒலிப்பதிவாகக் கேட்க வைப்பது பெரும் உதவி. எறும்பின் காலைப் பெரிதாக்கிக் காட்டலாம். ஆனால் விதை முளைப்பதைக் காணொளியில் ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டு, ஈரப் பஞ்சில் பயறு போட்டு நான்கு நாள் காத்திருக்கும் அனுபவத்தைப் பிள்ளையிடமிருந்து பறிப்பது நியாயமா?

இணையத்திலிருந்து பாடம் எடுக்கும் பயிற்சி ஆசிரியைகள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. தமிழில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு உரியவை. அவர்கள் ஒளிச்சேர்க்கை என்பதை எமது பாடநூல் ஒளித்தொகுப்பு என்கிறது. அவர்களுடைய செல் எமக்குக் கலம். அவர்களுடைய அழுத்தம் எமக்கு அமுக்கம். முடுக்கம் என்பது எமக்கு ஆர்முடுகல். பிள்ளை காணொளியைப் பார்த்து நன்றாக விளங்கிக் கொண்டாலும், பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கண்டு திகைத்து நிற்கும். 2022 இன் இறுதியில் சட்ஜிபிடி வெளிவந்த பின் பாடக்குறிப்பையும் அதனிடமே எழுதுவிப்பவர்கள் உண்டு. அதிலும் இதே கலப்பைக் காணலாம். பாடக்குறிப்பு பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். ஆனால் தன் வகுப்பில் எந்தப் பிள்ளை எங்கே தடுக்கும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? உதவிக்கு அதை நாடுவதில் தவறில்லை. பாடநூலையும் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியையும் பக்கத்தில் விரித்து வைத்துக் கொண்டு, வரிக்கு வரி திருத்தும் பழக்கம் வர வேண்டும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் எமது பாடத்திட்டத்துக்குரியவை இருக்கின்றன. முதலில் அங்கே தேடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

சின்ன விடயம் ஒன்று. எமது நாட்டில் வினாத்தாள் அடிப்பவர்கள் நீண்ட காலமாகப் பாமினி எழுத்துருவைப் பாவித்து வந்திருக்கிறார்கள். அதில் அடித்ததைக் கைத்தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். யுனிகோட் முறையில் தட்டச்சுச் செய்யப் பழகிய ஆசிரியை அனுப்பும் பயிற்சித்தாள் எந்தத் தொலைபேசியிலும் தமிழாகவே திறக்கும். வீட்டிலிருக்கும் உம்மாவுக்கு இது பெரிய ஆறுதல்.

இனி, பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கு நான் முதலாவதாகச் சொல்லும் தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். அதற்கு லெப்டொப் தேவையில்லை, புரொஜெக்டரும் தேவையில்லை. தன் பாடத்தைத் தானே பதிவு செய்து கேட்பது. 1960 களில் அமெரிக்காவின் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தில் நுண்கற்பித்தல் என்ற முறை உருவானது. சில மாணவர்களை வைத்து ஐந்து பத்து நிமிடம் கற்பிப்பது, அதை வீடியோவில் எடுத்துப் பார்ப்பது, குறையைத் திருத்தி மீண்டும் கற்பிப்பது. அன்று அதற்குப் பாரிய கருவிகள் வேண்டியிருந்தன. இன்று பையில் கிடக்கும் தொலைபேசி போதும்.

அப்படிக் கேட்கும்போது எதைக் கவனிப்பது? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1974 இல் வெளியிட்ட முடிவு எனக்கு மிகவும் பயன்பட்டது. ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடி மட்டுமே காத்திருக்கிறார்கள் என்று அவர் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாதிருந்த பிள்ளைகள் பேசினார்கள், மெதுவாக விளங்கும் பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். மூன்றே நொடி! எமது வகுப்புகளில் பின்வரிசையில் தலைகுனிந்து இருக்கும் பெண்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பதில் தெரிந்திருந்தும், அதைச் சொல்லாகக் கோர்ப்பதற்குள் ஆசிரியை அடுத்தவரிடம் போய்விடுகிறார்.

தன்னை வீடியோ எடுக்கக் கூச்சப்படும் பிள்ளைகள் உண்டு. அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். குரல் மட்டும் போதும். தொலைபேசியை மேசையில் வைத்துப் பதிவை அழுத்திவிட்டுப் பாடத்தை நடத்தலாம். இரவு விடுதியில் காதில் மாட்டிக் கேட்கும்போது, ஒவ்வொரு கேள்விக்கும் பின் எத்தனை நொடி மௌனம், எத்தனை பெயர்களைக் கூப்பிட்டோம், எத்தனை தடவை நாமே பதிலைச் சொல்லிவிட்டோம் என்று ஒரு தாளில் கோடு கீறி எண்ணலாம். ஒரு பிள்ளை இவ்வாறு எண்ணிப் பார்த்துவிட்டு, "மௌலவி, முன்வாங்கு மூணு பேருக்கு மட்டும்தான் நான் படிப்பிச்சிருக்கேன்" என்று வந்து சொன்னார். அதிகாரி ஒருவர் வந்து குறிப்பெழுதியிருந்தால் மனம் நொந்திருப்பார். தன் காதாலேயே கேட்டதால் மறுநாளே மாற்றிக் கொண்டார்.

கருவியை நம்பி நிற்பதன் மறுபக்கத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்பறை வட்ஸ்அப்புக்குள் வந்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு தொலைபேசி. அதுவும் வாப்பா தொழிலுக்குக் கொண்டு போய்விட்டால் இரவு வரை பாடம் இல்லை. ஊவா மலைக் கிராமங்களில் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு மேட்டில் ஏறினார்கள். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. அதே மாதம் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. கணனியும் இல்லை, காகிதமும் இல்லை. அந்த நாட்களிலும் வெண்கட்டியோடும் கதையோடும் வகுப்பை நடத்தியவர்களை நான் அறிவேன். ஆகவே பாடக்குறிப்பில் ஒரு வரி கூடுதலாக எழுதும்படி பயிற்சிக்கு வருபவர்களிடம் கேட்டுக் கொள்கிறேன்: மின்சாரம் நின்றால் என்ன செய்வேன்?

லெப்டொப் கேள்விக்கு வருவோம், சகோதரிகளே. முதல் வருடத்தில் கல்லூரியின் கணனிக் கூடமும் கையிலுள்ள தொலைபேசியும் பெரும்பாலான வேலைக்குப் போதும். மகள் போய் ஒரு தவணை படிக்கட்டும். என்ன பாடநெறி, எந்த ஒப்படைக்கு எது தேவை என்று அவளே அறிந்து சொல்வாள். அப்போது வாங்கினாலும் பாவித்த ஒன்று, உத்தரவாதத்தோடு கிடைத்தால், தட்டச்சுக்கும் படக்காட்சிக்கும் தாராளம். நகையை அடகு வைத்துப் புதியது வாங்க வேண்டியதில்லை. பயிற்சி வருடத்தில் நாளாந்தம் பாடக்குறிப்பும் பயிற்சித்தாளும் தயாரிக்க வேண்டிவரும். செலவு செய்வதென்றால் அந்த வருடத்துக்கு வைத்திருங்கள்.

தாய்மார்கள் மகளிடம் கேட்டு வைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வகுப்பில் பிடிக்கும் படங்களும் பதிவு செய்யும் குரல்களும் எங்கே போகின்றன? பாடம் நன்றாக நடந்த மகிழ்ச்சியில் பிள்ளைகளின் படத்தை முகநூலில் போட்டுவிடும் இளம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் யாரும் கேட்பதில்லை. தவறாகப் பதில் சொன்ன பிள்ளையின் குரல் குழுவுக்குள் சுற்றினால் அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறக்குமா? தன் கற்பித்தலைத் திருத்த எடுத்த பதிவை, அதிபரின் அனுமதியோடு எடுத்து, கேட்டு முடித்த அன்றே அழித்துவிட வேண்டும்.