மெயில் வருகிறது, போக மட்டும் மறுக்கிறது

கைப்பேசியில் மெயில்கள் வந்துகொண்டே இருக்கும். நாம் அனுப்பியது மட்டும் அவுட்பாக்ஸை விட்டு நகராது. வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்றால் பதற்றம் கேட்கவே வேண்டாம். யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது, "ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்பதுதான். அவசரப்பட்டு அதைச் செய்துவிடாதீர்கள். அவுட்பாக்ஸில் கிடக்கும் கடிதம் அதோடு போய்விடக்கூடும். பழைய பாப் முறையில் அமைத்த கணக்காக இருந்தால், சர்வரிலிருந்து ஏற்கெனவே நீக்கப்பட்ட பழைய கடிதங்களும் போனில் மட்டுமே இருந்து, சேர்ந்து அழியலாம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, மெயில் வருவதும் போவதும் வேறு வேறு வழி. வீட்டுக்கு வரும் தபால்காரரும் தெருமுனைத் தபால்பெட்டியும் வேறு வேறு என்பது போல. வரும் கடிதங்களை ஐமேப் அல்லது பாப் சர்வர் தருகிறது. போகும் கடிதங்களை எஸ்எம்டிபி சர்வர் வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு, தனித்தனி போர்ட் எண். ஒன்று வேலை செய்கிறது என்பதால் மற்றதும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது.

எஸ்எம்டிபி 1982ல் ஜான் போஸ்டல் எழுதிய விதிமுறை. அன்று வலையில் இருந்தவர்கள் சிலரே, ஒருவரையொருவர் நம்பினார்கள். அனுப்புகிறவரிடம் பாஸ்வேர்டு கேட்கும் ஏற்பாடே அதில் கிடையாது. அந்த வசதி முறையான விதியாக வந்தது 1999ல்தான். குப்பை மெயில்கள் பெருகப் பெருக, திறந்து கிடந்த வழிக்கு ஒவ்வொரு பூட்டாகப் போட்டார்கள். இன்று நம் போனில் மெயில் போகாமல் நிற்பது பெரும்பாலும் இந்தப் பூட்டுகளில் ஏதாவது ஒன்றில்தான்.

சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்கு இது அடிக்கடி நேரும். போர்ட் 25 என்று போட்டிருப்பார்கள். அது சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி. குப்பை மெயிலைத் தடுக்க இணைய நிறுவனங்கள் பல அதை மூடி வைத்திருக்கின்றன. அலுவலக வைஃபையில் போகும் மெயில் மொபைல் டேட்டாவில் போகாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். போனுக்கு உரியவை 465, 587 என்ற போர்ட்டுகள். 465 என்றால் பாதுகாப்பு வகை எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ். ஜோடி மாறினால் சுற்றிக்கொண்டே நின்றுவிடும். இன்னொரு பொறியும் உண்டு. ஐபோனில் அனுப்பும் சர்வருக்கான பெயர், பாஸ்வேர்டு கட்டங்களில் 'கட்டாயமில்லை' என்ற பொருளில் குறிப்பு இருக்கும். அதை நம்பிக் காலியாக விட்டால், சர்வர் உங்களை அந்நியராகவே நடத்தும். இரண்டையும் நிரப்புங்கள். ஆண்ட்ராய்டிலும் அனுப்பும் சர்வருக்கு உள்நுழைவு தேவை என்ற தேர்வு இருந்தால், அது போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் தவறு என்கிறதா? தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், வெறும் பாஸ்வேர்டை வைத்து வேறு ஆப்கள் நுழைவதை 2022 மே மாத இறுதியில் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. அவுட்லுக்.காமில் மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் அதையே செய்தது. கணக்கைச் சேர்க்கும்போது 'மற்றவை' என்பதை விட்டு, கூகுள் அல்லது அவுட்லுக் என்ற பெயரையே தேர்ந்தெடுத்து நுழைவதுதான் எளிய தீர்வு. பழைய ஆப்தான் வேண்டும் என்கிற ஜிமெயில்காரர்கள் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்கலாம். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் இந்த ஆப் பாஸ்வேர்டு செல்லாமல் போய்விடும். மறுபடி புதிதாக வாங்க வேண்டும்.

அடுத்து, அளவு. ஜிமெயிலில் இணைப்புகளுக்கு 25 எம்பி, ஐகிளவுடில் 20 எம்பி என்று வரம்பு. ஆனால் 19 எம்பி கோப்பு 20 எம்பி வரம்புக்குள் போகும் என்று கணக்குப் போட முடியாது. மெயில் எழுத்துகளைக் கொண்டுபோகவே உருவானது. படமோ பிடிஎஃப்போ எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்பப்படுகிறது. 3 பைட் 4 எழுத்தாகிறது; ஆக மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 15 எம்பி கோப்பு வழியில் 20 எம்பியைத் தொடும். பெறுகிற அலுவலகத்தின் வரம்பு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். சான்றிதழ்களைக் கேமராவில் எடுத்த படங்களாக அப்படியே இணைக்காமல், ஸ்கேன் வசதியில் ஒரே பிடிஎஃப்பாக்கி அனுப்பினால் அளவு பெரிதும் குறையும். டிரைவ் லிங்க்காக அனுப்பினால், பெறுபவர் திறக்க அனுமதி கொடுத்தீர்களா என்று பார்ப்பது முக்கியம். பூட்டிய லிங்க்கோடு போன விண்ணப்பம் போகாத விண்ணப்பத்துக்குச் சமம்.

கல்யாண அழைப்பை எல்லோருக்கும் ஒரே மூச்சில் அனுப்புகிறவர்கள் எண்ணிக்கை வரம்பில் மாட்டுவார்கள். இலவச ஜிமெயிலில் ஒரே கடிதத்தில் 500 பேருக்கு மேல் சேர்த்தாலோ, ஒரு நாளில் 500 மெயிலைத் தாண்டினாலோ அனுப்புவது நிறுத்தப்படும். ஒரு மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கூகுளின் 15 ஜிபி இடம் நிறைந்தாலும் மெயில் நின்றுவிடும். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ், ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அந்த 15 ஜிபிக்குள்தான்.

எது காரணம் என்று ஊகிக்கத் தேவையில்லை. திரும்பி வரும் ஆங்கில அறிவிப்பைப் பயந்து மூடாமல், அதிலுள்ள மூன்று இலக்க எண்ணைத் தேடுங்கள். 4ல் தொடங்கினால் தற்காலிகத் தடை. சர்வரே மறுபடி முயலும், நீங்கள் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம். 5ல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. எதையாவது மாற்றாமல் போகாது. 535 என்றால் உள்நுழைவில் பிழை, 552 என்றால் பெரும்பாலும் அளவோ இடமோ மிஞ்சியது. 550 பல காரணங்களுக்கு வரும், அதோடு 5.1.1 இருந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை, 5.4.5 இருந்தால் அன்றைய வரம்பு முடிந்தது.

எண்ணே வராமல் 'வரிசையில் உள்ளது' என்று மட்டும் காட்டினால், கடிதம் இன்னும் போனைவிட்டு வெளியேறவில்லை. டேட்டா சேவர், பேட்டரி சேவர் இரண்டையும் அணைத்து, போனின் தேதியும் நேரமும் சரிதானா என்று பார்த்துவிட்டு ஆப்பைத் திறந்து வையுங்கள். 'அனுப்பியவை' பெட்டிக்குள் கடிதம் வந்த பிறகும் சில நிமிடம் பொறுத்திருங்கள். முகவரியோ அளவோ தவறென்றால் மறுப்பு பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும்.